உழுதவர் கைக்கு வரட்டும் உதவிப் பணம்!

(வட்டாட்சியர் அலுவலகம் முன்பு நடந்த காத்திருப்புப் போராட்டத்தில் நமது சங்கச் செயலாளர் ஆற்றிய உரை. கிளைக் கூட்டங்களில் படித்து விவாதிப்பதற்காக அச்சிடப்படுகிறது.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! வயல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைமடைக் கிராமங்களிலிருந்து மினி பஸ்ஸிலும் டாட்டா ஏஸ் வண்டியிலும் வந்து சேர்ந்திருக்கும் குத்தகைச் சாகுபடியாளர்களே!

இன்றைக்கு நாம் பேச வந்திருப்பது தண்ணீரைப் பற்றி அல்ல, உர மூட்டையைப் பற்றியும் அல்ல. வங்கிக் கணக்கில் அரசாங்கம் நேரடியாகப் போடுகிற பணத்தைப் பற்றி. அது யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, வந்தால் ஒரு ஏழைக் குடும்பத்தில் என்ன மாறுகிறது, எது மாறுவதில்லை? இதைக் கணக்கோடு பேசுவோம்.

முதலில் நம்ம தப்பை ஒத்துக்கொள்வோம்

2019 பிப்ரவரியில் மத்திய அரசு பி.எம். கிசான் திட்டத்தைத் தொடங்கியது. வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக 2,000, 2,000. அப்போது நாம் என்ன பேசினோம்? "365 நாளால் வகுத்துப் பார், ஒரு நாளைக்குப் பதினாறரை ரூபாய்கூட வரவில்லை. ரெண்டு டீ குடிக்கத்தான் ஆகும். விவசாயிக்கு வேண்டியது கட்டுபடியான விலை, பிச்சைக் காசு அல்ல" என்று மேடை மேடையாகப் பேசினோம். கைதட்டலும் வாங்கினோம்.

2023 செப்டம்பர் 15 அன்று மாநில அரசின் மகளிர் உரிமைத் தொகை வரத் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அப்போதும் நம்மில் சில பேர் அதே பாட்டைப் பாடினோம். கிளைக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து கேட்டார்: "ஆயிரம் ரூபா பிச்சைங்கிறீங்களே, அந்த ஆயிரத்துக்காக நான் போன வருஷம் எத்தனை வாசல்ல நின்னேன் தெரியுமா அண்ணே?"

நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தோம். கட்டுபடியான விலை கேட்டது தப்பில்லை. அது இன்றைக்கும் நம் முதல் கோரிக்கை. ஆனால் கையில் வருகிற சிறு பணத்தை ஏளனம் செய்தது தப்பு. அந்தத் தப்பைத் திருத்திக்கொண்டுதான் இங்கே நிற்கிறோம்.

இது புதுசும் அல்ல, தோழர்களே. தமிழ்நாட்டில் முதியோர் உதவித் தொகை 1962-லேயே வந்துவிட்டது. அன்றைக்கு மாதம் 20 ரூபாய். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தபால்காரர் மணியார்டர் கொண்டுவந்து, திண்ணையில் உட்கார்ந்து, கிழவியின் கைநாட்டை வாங்கிக்கொண்டு எண்ணிக் கொடுப்பார். அதை யாரும் பிச்சை என்று சொல்லவில்லை. ஆயுள் முழுக்க உழைத்த உடம்புக்கு ஊர் கொடுக்கிற மரியாதை அது. அதே போலத்தான் இதையும் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

நம் கிளையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். பெயர் சொல்லப் போவதில்லை. அவங்களிடம் சம்மதம் வாங்கித்தான் சொல்றோம். இந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்காங்க.

புருஷன், பெஞ்சாதி, ரெண்டு பிள்ளைகள், வயசான மாமியார். இரண்டு ஏக்கர் குத்தகைச் சாகுபடி. எழுத்து கிடையாது, வாய்வார்த்தைதான். ஏக்கருக்கு ஏழு மூட்டை நெல் குத்தகை அளக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார். அவர் நல்ல மனுஷர், அவர்மேல் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் பட்டா அவர் பெயரில் இருப்பதால் பி.எம். கிசான் பணம் 6,000-மும் அவர் கணக்குக்குப் போகிறது. சேற்றில் கால் வைத்தவனுக்கு ஒரு காசு இல்லை. இந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறோம்.

2023 ஆகஸ்டில் முதியோர் உதவித் தொகை 1,000-லிருந்து 1,200 ஆனது. அது மாமியாருக்கு வந்தது. செப்டம்பரிலிருந்து மருமகளுக்கு 1,000. ஆக வீட்டுக்கு மாதம் 2,200 ரூபாய். பெரிய பணமா? இல்லை. ஆனால் மாதம் தவறாமல் வருகிற பணம். விவசாயக் குடும்பத்தில் தேதி போட்டு வருகிற பணம் என்று இதற்கு முன்னால் எதுவுமே கிடையாது. வட்டிக்காரன் வருகிற தேதி மட்டும்தான் தெரியும்.

அந்தப் பணம் என்ன செய்தது? முதல் மூன்று மாதம் மளிகைக் கடை பாக்கிக்குப் போனது. கடன் சொல்லி வாங்கினால் கடைக்காரர் கொடுப்பதுதான் சரக்கு, சொல்வதுதான் விலை. பாக்கி தீர்ந்த பிறகு அந்த அம்மா காசு கொடுத்துப் பருப்பு வாங்கினார். கிலோவுக்கு எத்தனை என்று கேட்டு வாங்கினார். கேட்கிற உரிமையே அப்போதுதான் வந்தது.

அடுத்து, அவசரத்துக்கு வாங்குகிற வட்டி. நம்ம ஊரில் நூற்றுக்கு மாதம் பத்து வட்டி சர்வசாதாரணம். 2,000 ரூபாய் வாங்கினால் மாதம் 200 ரூபாய் வட்டி. ஐந்து மாதம் திருப்ப முடியாவிட்டால் வட்டியே 1,000. பிள்ளைக்குக் காய்ச்சல், பம்புசெட் ரிப்பேர், சாவுக்குப் போகப் பஸ் காசு, இதற்கெல்லாம் வட்டிக்கு வாங்கின குடும்பம் அது. அரிசிப் பானைக்குள் ஒரு டப்பாவில் மாதம் 500 ரூபாய் போட ஆரம்பித்த பிறகு, பத்து வட்டிக்காரர் வாசலை மிதிக்கவில்லை. மாமியாரின் மூக்குத்தி அடகுக் கடைக்குப் போகவில்லை.

காத்திருக்கிற பலம்

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கவனமாகக் கேளுங்கள்.

2025 தை மாதம் சம்பா அறுவடை. குத்தகை நெல் பதினாலு மூட்டை அளந்து, சாப்பாட்டுக்கும் விதைக்கும் எடுத்து வைத்தது போக, அறுபது கிலோ மூட்டையில் நாற்பது மூட்டை விற்பனைக்கு நின்றது. அதாவது 24 குவிண்டால். அரசு நேரடி கொள்முதல் நிலையத்தில் அந்தப் பருவத்துக்குச் சாதா ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து குவிண்டால் 2,405 ரூபாய். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து மழை. நெல்லைக் காயவைக்க வேண்டும், சாக்கு வரவேண்டும், முறை வரவேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

வியாபாரி களத்துமேட்டுக்கே வந்தார். "ஈரத்தைப் பத்தி நான் கேக்கமாட்டேன். குவிண்டால் 2,100. காசு இப்பவே" என்றார்.

முந்தின வருஷங்களில் அந்தக் குடும்பம் என்ன செய்திருக்கும்? கொடுத்துவிட்டிருக்கும். அறுவடை மெஷின் வாடகை கொடுக்க வேண்டும். குழுக் கடன் தவணை கட்ட வேண்டும். வீட்டில் மறுநாள் காய்கறிக்குக் காசு இல்லை. நெல் இருக்கும், காசு இருக்காது. அப்போது வியாபாரி சொல்வதுதான் விலை.

இந்தத் தடவை டப்பாவில் பணம் இருந்தது. மெஷின்காரருக்குப் பாதியைக் கொடுத்தார்கள், மீதிக்கு நாள் கேட்டார்கள். குழுத் தவணையைக் கட்டினார்கள். ரோட்டோரம் நெல்லைக் கொட்டிக் கிளறிக் கிளறிக் காயவைத்தார்கள். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடிப் படுத்தார்கள். ஒன்பதாம் நாள் முறை வந்தது. 2,405 ரூபாய்க்குப் போட்டார்கள்.

வித்தியாசம் குவிண்டாலுக்கு 305 ரூபாய். 24 குவிண்டாலுக்கு 7,320 ரூபாய்! ஒரு வருஷ பி.எம். கிசான் பணத்தைவிட அதிகம். டப்பாவில் இருந்த சில ஆயிரம் ரூபாய், ஒன்பது நாள் காத்திருக்கிற பலத்தைக் கொடுத்தது. அந்தப் பலம்தான் 7,320 ரூபாயைச் சம்பாதித்தது.

தோழர்களே, நேரடிப் பணத்தைப் பற்றி நாம் புரிந்துகொண்டது இதுதான். ஏழைக் குடும்பத்துக்கு அது தரும் பெரிய விஷயம் செலவுக்குக் காசு அல்ல. "இன்னிக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்கிற தைரியம். வியாபாரிக்கும் வட்டிக்காரருக்கும் மறுப்புச் சொல்கிற தைரியம்.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அந்தக் கொள்முதல் நிலையம் மட்டும் இல்லாதிருந்தால்? டப்பாவில் பத்தாயிரம் இருந்தாலும் ஒன்பது நாள் காத்திருந்து அதே வியாபாரியிடம்தான் போயிருக்க வேண்டும். கையில் காசும் வேண்டும், காத்திருந்து போடக் கொள்முதல் நிலையமும் வேண்டும். ஒற்றை மாட்டை வைத்து ஏர் ஓட்ட முடியாது.

"குடிச்சே அழிச்சிடுவான்" என்கிறார்கள்

ஏழை கையில் பணம் கொடுத்தால் சாராயத்துக்குத்தான் போகும், வேலைக்கு ஆள் வரமாட்டான் என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் டீக்கடையிலேயே பேசுகிறார்கள். குடிக்கிறவன் இருக்கிறான், மறைக்கவில்லை. அவன் பணம் வந்தாலும் குடிக்கிறான், வராவிட்டாலும் கடன் வாங்கிக் குடிக்கிறான்.

மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012-ல் ஒரு சோதனை நடந்தது. சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு யுனிசெஃப் நிதியுதவியோடு நடத்தியது. எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும், ஏழை பணக்காரர் பார்க்காமல், நிபந்தனை இல்லாமல் பணம். பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100. ஒரு வருஷம் கழித்து 300, 150 என்று உயர்த்தினார்கள். பணம் கொடுக்காத பன்னிரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடிச்செலவு கூடவில்லை. பிள்ளைகளின் சாப்பாடு மேம்பட்டது. ஆடு மாடு பெருகியது. சோம்பேறித்தனம் வரவில்லை. கூலிக்குப் போனவர்கள் பலர் விதை, உரம் வாங்கித் தங்கள் சொந்த நிலத்தில் அதிக நேரம் வேலை செய்தார்கள்.

நம் அனுபவமும் அதுதானே? அந்த அம்மா டப்பாவில் காசு சேர்த்தவுடன் நடவுக்குப் போவதை நிறுத்திவிட்டாரா? முன்பணம் வாங்கிக்கொண்டு குறைந்த கூலிக்குப் போவதைத்தான் நிறுத்தினார்.

நிலத்தில் ஒருவர், ரசீதில் ஒருவர்

இப்போது அந்த 6,000 ரூபாய்க்கு வருவோம். பி.எம். கிசான் திட்டம் நிலவுடைமையைப் பார்க்கிறது, சாகுபடியைப் பார்ப்பதில்லை. 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் பணம். அதற்குப் பிறகு, வாரிசாக வந்தால் தவிர, நிலம் வாங்கினவருக்கும் கிடையாது. குத்தகைக்காரருக்குக் கிடையாது. கோயில் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவருக்குக் கிடையாது. தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால், அதை மாற்ற நடையாய் நடந்து முடிக்கும்வரை பேரனுக்கும் கிடையாது.

உண்மையான விவசாயியைக் கண்டுபிடிக்க முடியாத இந்தத் திட்டம் 2020-ல் தமிழ்நாட்டில் என்ன ஆனது? அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, இடைத்தரகர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியில்லாதவர்களைச் சேர்த்தார்கள். சுமார் 110 கோடி ரூபாய் முறைகேடு. சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைது, பணம் திரும்பப் பிடிப்பு எல்லாம் நடந்தது. திருடினவன் யாரோ. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் நாயாய் அலைந்தது நாம்.

ஆதார் இணைப்பு, இ.கே.ஒய்.சி., நில ஆவணம் இணைப்பு, 2025-ல் தனித்துவ அடையாள எண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே விழும்? ரேகை விழவில்லை, ஆகவே ஆள் இல்லை என்று இயந்திரம் சொல்கிறது. அறுபது வருஷமாக அந்த வரப்பில் நடக்கிறவரைப் பார்த்து!

குத்தகைக்காரருக்குக் கொடுக்க வழியே இல்லை என்கிறார்கள். வழி இருக்கிறது. ஒடிசாவில் 2018 டிசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் வாரச் சாகுபடியாளருக்கும் நிலமற்றவருக்கும் இடம் கொடுத்தார்கள். ஆந்திராவில் 2019-ல் சட்டம் போட்டு, சாகுபடி செய்கிறவருக்கு உரிமை அட்டை கொடுத்து, தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை வகுப்புகளைச் சேர்ந்த குத்தகையாளருக்கு உதவித் தொகை கொடுத்தார்கள். நம் மாநிலத்திலோ 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் போட்டாயிற்று. சட்டம் இருக்கிறது, பதிவேட்டில் பெயர்தான் இல்லை. பதிந்தால் நிலம் போய்விடும் என்று உடையவருக்குப் பயம். கேட்டால் குத்தகை போய்விடும் என்று நமக்குப் பயம். நிலவுரிமையைத் தொடாமல், அந்தந்தப் பருவச் சாகுபடிக்கு மட்டும் ஒரு சான்று கொடுத்தால் ரெண்டு பயமும் தீரும்.

விவசாயத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2024 டிசம்பரில் இந்தத் தொகையை 12,000 ஆக்க வேண்டும், குத்தகையாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆனாலும் 2025 முடிகிறவரை அதே 6,000-தான். 2019 தொடக்கத்தில் டீசல் லிட்டர் சுமார் 70 ரூபாய். 2,000 ரூபாய்க்கு 28 லிட்டர் போடலாம். 2025-ல் சுமார் 92 ரூபாய். அதே 2,000-க்கு 21 லிட்டர். எண் மாறவில்லை, பணம் கரைந்துவிட்டது.

ஏமாறக் கூடாத இடம்

இன்னொரு எச்சரிக்கை. "பணமாகவே கொடுத்துவிடுகிறோம், ரேஷன் கடை எதற்கு, கொள்முதல் நிலையம் எதற்கு" என்று ஒரு பேச்சு வரும். வந்தால் நாம் முழித்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் இருக்கிற புதுச்சேரியைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கியில் பணம் போடத் தொடங்கினார்கள். கடைசியில் ரேஷன் கடைகளே மூடிக் கிடந்தன. கடைவிலை ஏறினால் பணம் தானாக ஏறுமா? மக்கள் அரிசியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகளைத் திரும்பத் திறந்தார்கள்.

கேஸ் சிலிண்டர் கதை தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். முழு விலையைக் கொடுத்து வாங்கு, மானியத்தைக் கணக்கில் போடுகிறோம் என்றார்கள். போட்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, 2020 மே மாதத்திலிருந்து சாதாரண இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது நின்றேபோனது. கடையில் அரிசி நிறுத்தினால் ஊரே கூடிக் கேட்கும். பாஸ்புக்கில் ஒரு வரி காணாமல் போனால் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து புலம்புவோம். அதுதான் வித்தியாசம்.

ஆகவே நம் நிலை தெளிவு. பணம் வேண்டும். அது இருக்கிறதோடு கூடுதலாக வேண்டும், இருக்கிறதைப் பிடுங்கிவிட்டு அல்ல.

நம் கோரிக்கைகள்

1. பி.எம். கிசான் உதவி குத்தகைச் சாகுபடியாளருக்கும் கோயில் நிலச் சாகுபடியாளருக்கும் வேண்டும். அதற்காகக் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துப் பருவந்தோறும் சாகுபடிச் சான்று தர வேண்டும்.

2. தொகையை 12,000 ஆக்க வேண்டும். சாகுபடிச் செலவு ஏற ஏற அதுவும் ஏற வேண்டும்.

3. தவணை சாகுபடிக் காலத்துக்கு முன்னால் வர வேண்டும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன் ஒன்று, சம்பா நடவுக்கு முன் ஒன்று. நடவு முடிந்த பிறகு வரும் உரக் காசு வட்டிக்குத்தான் போகும்.

4. உதவிப் பணத்தில் பழைய கடனுக்கோ குறைந்தபட்ச இருப்புக்கோ வங்கிகள் கை வைக்கக் கூடாது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகையில் பிடித்தம் செய்ததாகப் புகார் கிளம்பி, பிடிக்கக் கூடாது என்று மாநில அரசே சொல்ல வேண்டி வந்தது. அதை எல்லா உதவிப் பணத்துக்கும் விதியாக்க வேண்டும்.

5. ரேகை விழாதவர்களுக்கும், பட்டா மாறாத வாரிசுகளுக்கும் கிராமத்திலேயே முகாம் நடத்தித் தீர்க்க வேண்டும்.

6. ரேஷன் அரிசியிலும் நெல் கொள்முதலிலும் ஒரு பிடிகூடக் குறைக்கக் கூடாது.

என்ன செய்யப் போகிறோம்?

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கிளைக்குப் பத்துப் பேராவது வரவேண்டும். வெறும் கையோடு வராதீர்கள். ஆதார் நகல், பாஸ்புக் நகல், அடங்கல் நகல், குத்தகை அளந்த ரசீது இருந்தால் அது, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட சீட்டு, எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ரசீது இல்லாதவர்கள் பக்கத்து வயல்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வாருங்கள். தனித்தனி மனுவாகக் கொடுப்போம், ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் கேட்டு வாங்குவோம். மனு எழுதச் சங்க அலுவலகத்தில் தினமும் மாலை ஆள் இருப்பார்கள், காசு கிடையாது.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறோம். அந்த அம்மாவிடம் கேட்டோம்: "ஒன்பது நாள் நெல்லைக் காவல் காத்தீங்களே, பயமா இல்லையா?" அவர் சொன்னார்: "மழைக்குப் பயந்தோம் அண்ணே. மனுசனுக்குப் பயப்படலை."

மனுஷனுக்குப் பயப்படாத அந்த ஒன்பது நாள் எல்லாக் குடும்பத்துக்கும் வேண்டும். அதைக் கேட்டு வாங்கத்தான் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம். பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டோம்.

உழுதவர் கைக்கே உதவிப் பணம்!
ரேஷனைத் தொடாதே! கொள்முதலைக் குறைக்காதே!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!